ரபாபிலிருந்து எட்டயபுரம் வரை: வயலினும் பியானோவும் கூறும் வரலாறு

புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என விரியும் கரிசல் நிலம் வானத்தை நம்பி வாழும் மானாவாரிப் பூமி. பருத்தி, கம்பு, மிளகாய், மல்லி ஆகியவற்றோடு இம்மண் இலக்கியத்தையும் விளைவித்துள்ளது. சீறாப்புராணம் இயற்றிய உமறுப்புலவர் எட்டயபுரம் அரண்மனையில் புலவராக விளங்கி, அவ்வூரிலேயே அடக்கமாகியுள்ளார். 1882இல் பாரதியார் பிறந்ததும் அங்கேதான். ஆனால் இதே எட்டயபுரம் தென்னக இசை வரலாற்றில் பெறும் இடம் பலருக்குத் தெரியாதது. மேலைநாட்டு வயலின் கருநாடக இசைக்குரிய கருவியாக வேரூன்றிய தொடக்ககால இடங்களுள் அது ஒன்று. அக்கருநாடக இசையை விரிவான குறியீடுகளோடு எழுத்தில் வடித்துத் தந்த பெருநூல் அச்சேறிய இடமும் அதுவே.

ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டிற்கு வந்த கருவிகளுள் வயலினும் பியானோவும் தலையாயவை. மேலை இசையில் இவ்விரண்டும் இணைபிரியாத் தோழர்கள். வயலின் கலைஞர் ஒருவரும் பியானோ கலைஞர் ஒருவரும் இணைந்து இசைப்பது அங்கே நிலைபெற்ற மரபு. தத்தம் வட்டாரத்துச் செவ்வியல் இசையையும் நாட்டார் இசையையும் உலக அரங்கிற்குக் கொண்டுசெல்ல விரும்பிய பலரும் இந்த இணையையே நாடினர். அங்கேரிய இசைமேதை பேலா பார்த்தோக் ருமேனிய நாட்டுப்புற ஆடல்மெட்டுகளைப் பியானோவுக்காக அமைத்தார். அவை வயலின்-பியானோ இணைக்கென மாற்றியமைக்கப்பட்ட பிறகு உலகெங்கும் ஒலித்தன. ஆனால் தமிழகத்திற்கு வந்தபோது இவ்விரு தோழர்களும் வெவ்வேறு பாதைகளில் பிரிந்தனர். வயலின் வீட்டுப்பிள்ளையாயிற்று, பியானோ நெடுங்காலம் விருந்தாளியாகவே நின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தால் இசை, மரபு, கடன்கொள்ளல் ஆகியவை பற்றிய சில உண்மைகள் புலப்படும். அவை தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் நேரடித் தொடர்புடையவை.

கருவியின் வேர்

வயலின் இன்றைய வடிவத்தை அடைந்தது 16ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். கிரெமோனா நகரத்து அந்திரேயா அமாத்தி அதன் தொடக்ககாலச் சிற்பிகளுள் முதன்மையானவர். எனினும் நரம்பின்மீது வில்லை இழைத்து ஒலியெழுப்பும் கலை ஐரோப்பாவில் தோன்றியதன்று. அது மத்திய ஆசியப் பகுதியில் தோன்றி, இஸ்லாமிய உலகின் வழியே பைசாந்தியத்திற்கும் அந்தலூசியாவிற்கும் பரவியது என்பதே இசைக்கருவி ஆய்வாளர் பலரின் முடிவு. அரபு நாடுகளின் ரபாப் ஐரோப்பாவில் ‘ரெபெக்’ எனப் பெயர் திரிந்தது. அந்த ரெபெக், வயலினின் முன்னோடிகளுள் ஒன்று. நம் நாட்டு இராவணஹஸ்தமே வில்கருவிகளுக்கெல்லாம் மூலம் என்ற கருத்தும் இங்கே வழங்குகிறது; அதை நிறுவ உறுதியான சான்றுகள் கிடைத்தில.

ஹிஜ்ரி 339இல் (கி.பி. 950) மறைந்த தத்துவமேதை அல்-ஃபாராபி தம் ‘கிதாபுல் மூஸீக்கல் கபீர்’ என்னும் பெருநூலில் ஊத், தன்பூர், குழற்கருவிகள் ஆகியவற்றோடு ரபாபையும் ஆராய்ந்துள்ளார். எந்த நரம்பில் எவ்விடத்தில் விரல் பதிந்தால் எந்தச் சுரம் பிறக்கும் என்பதை அவர் கணிதமுறையில் வகுத்தார். அல்-கிந்தி, இப்னு சீனா போன்றோரும் இசையைக் கணிதத் துறைகளுள் ஒன்றாகவே கருதி எழுதினர்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இசைக்கருவிகள் குறித்த மார்க்கச் சட்டக் கருத்து வேறு. அவற்றின் வரலாறு வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஸமாஉ பற்றித் தனிப்பகுதியே எழுதி, நிபந்தனைகளோடு பாடல் கேட்பதை ஏற்றாலும் நரம்புக் கருவிகளை விலக்கியே வைத்தார். ஆலிம்களிடையே இது குறித்துப் பல்வேறு கருத்துகள் உள்ளன. அவ்விவாதத்திற்குத் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முஸ்லிம் அறிவுலகம் ஆராய்ந்து வகுத்த ஒரு கலைமரபு உலகைச் சுற்றி நம் ஊர்வாசலுக்கே வந்து சேர்ந்த வழியைக் காண்பதே நோக்கம்.

மணலியிலிருந்து எட்டயபுரத்திற்கு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நகரமாக வளர்ந்திருந்தது. கோட்டையின் வாத்தியக் குழு மேலைநாட்டு மெட்டுகளை இசைத்தது. அந்நாளில் சென்னையை அடுத்த மணலியில், கம்பெனியின் துபாஷியாக விளங்கிய முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசாமி தீட்சிதர் வாழ்ந்தார். அவருடைய மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர், கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவர். அவர் மேலை மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டு சுரங்கள்’ எனப்படும் அவை ஏறத்தாழ 40. பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்த பாடலும் அவற்றுள் உண்டு.

இளைய மகன் பாலுசாமி தீட்சிதர் (பிறப்பு 1786) இன்னும் ஒரு படி முன்னே சென்றார். மணலிப் புரவலரின் ஏற்பாட்டில் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் அவர் வயலின் பயின்றார். பயின்ற கலையை மேலை மெட்டுகளோடு நிறுத்தவில்லை. கருநாடக இராகங்களை அக்கருவியில் இசைக்கத் தொடங்கினார். பின்னர்த் தெற்கே வந்த அவர் எட்டயபுரம் அரசரின் ஆதரவைப் பெற்று அரண்மனை வித்துவானாக அமர்ந்தார். தம்பியைக் காண வந்த முத்துசாமி தீட்சிதரும் 1835இல் தீபாவளி நாளன்று எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய சமாதி இன்றும் அங்குள்ளது. அதே காலத்தில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் வயலினில் தேர்ந்து விளங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஆக, ஓரிருவர் உழைப்பால் ஒரு தலைமுறைக்குள் அயலகக் கருவி அரண்மனை அரங்கேறியது.

கருவி மாறவில்லை, கையாளும் முறை மாறியது

வயலின் இங்கு நிலைபெற்றதற்குக் காரணம் அதன் அமைப்பு. வீணையிலும் கிதாரிலும் உள்ளதுபோல் மெட்டுகள் அதற்கில்லை. விரலை நரம்பின்மீது எங்கு வேண்டுமானாலும் பதிக்கலாம்; பதித்த விரலை வழுக்கிச் செல்லலாம்; அசைக்கலாம். கருநாடக இசையின் உயிர் கமகம். ஒரு சுரம் அசையாமல் நிற்பதைக் காட்டிலும், அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைந்து வருவதிலேயே இராகத்தின் முகம் தெரிகிறது. மனிதக் குரல் இதை எளிதில் செய்யும். குரலைப் போலவே வில்லின் இழைப்பும் ஒலியை விட்டுவிடாது நீட்டும். குரலுக்கு நிழலாக நடக்க இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை.

ஆனால் கருவியை உள்ளபடியே ஏற்றுக்கொண்டிருந்தால் இது கைகூடியிராது. நம் கலைஞர்கள் இரண்டு மாற்றங்களைச் செய்தனர். ஒன்று, அமரும் முறை. மேலைநாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வயலினை மோவாயின் கீழ் வைத்துத் தாங்குவர். நம்மவர் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலக்காலில் ஊன்றி, அடிப்பகுதியை மார்போடு சேர்த்து வைத்தனர். இதனால் கருவியைத் தாங்கும் சுமையிலிருந்து இடக்கை விடுபட்டு நரம்பின் நெடுக ஓடலாயிற்று.

இரண்டாவது, சுருதி கூட்டும் முறை. மேலை வயலினில் நான்கு நரம்புகளும் ஒன்றைவிட மற்றொன்று ஐந்தாம் சுர அளவில் உயர்ந்து செல்லும். முதல் நரம்பைச் சட்சமாகக் கொண்டால் அடுத்தது பஞ்சமம், அதற்கடுத்தது ரிஷபம், நான்காவது தைவதம். நம்மவரோ ச-ப-ச-ப என, சட்சமும் பஞ்சமமும் மாறிமாறி வருமாறு கூட்டினர். எந்த இராகத்திற்கும் ஆதாரமான இரு சுரங்கள் எப்போதும் விரலடியில் இருக்கும். ஒரு தாயியில் வாசித்த பிரயோகத்தை அதே விரலமைப்பில் அடுத்த தாயியிலும் வாசிக்கலாம்.

வியப்புக்குரிய செய்தி இனித்தான். 19ஆம் நூற்றாண்டில் வயலின் எகிப்து, சிரியா நாடுகளின் இசைக்குழுக்களிலும் நுழைந்து, பழைய வில்கருவியின் இடத்தைப் பிடித்தது. அரபுக் கலைஞர்கள் செய்த மாற்றம் என்ன? மேலைச் சுருதியைக் கைவிட்டு, ஸொல்-ரெ-ஸொல்-ரெ எனக் கூட்டினர். அதாவது ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மாறிமாறி வரும் அமைப்பு. நமது ச-ப-ச-ப என்பதும் அதுவும் ஒன்றே. அவர்களுக்கு மகாம், நமக்கு இராகம். குரலைத் தலைவனாகவும் கருவியை ஏவலனாகவும் கொண்ட இரு மரபுகள், ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டன. சாமி அஷ்ஷவா போன்ற அரபு வயலின் மேதைகளின் பழைய ஒலித்தட்டுகளைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு அந்த வில்லின் அசைவு அந்நியமாகத் தோன்றாது.

பியானோவின் எல்லை

பியானோவைப் படைத்தவர் ஃபிளாரன்சு நகரத்துப் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி. காலம் 1700ஐ ஒட்டியது. விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி நரம்பைத் தட்டிவிட்டு விலகும். தட்டிய கணத்திலிருந்து ஒலி தேய்ந்துகொண்டே போகும். இன்றைய பியானோவில் 88 விசைகள். ஒரு தாயியைச் சமமான 12 பங்குகளாக வகுத்து அவை சுருதி கூட்டப்படுகின்றன. ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையில் வழியில்லை. வழுக்கிச் செல்லவோ அசைக்கவோ இயலாது. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலித்து இணக்கம் காட்டும் மேலை இசைக்கு இதுவே வலிமை. ஒரு சுரத்தின் உள்ளசைவிலேயே பொருளைக் காட்டும் கீழை இசைக்கு இதுவே தடை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1932இல் எகிப்து மன்னர் ஃபுவாத் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. அரபு நாடுகளின் கலைஞர்களும் ஐரோப்பிய இசையறிஞர்களும் பங்கேற்றனர், பார்த்தோக்கும் வந்திருந்தார். 1913இலேயே அல்ஜீரியாவின் பிஸ்கரா பகுதிக்குச் சென்று அரபு நாட்டார் இசையைப் பதிவு செய்தவர் அவர். அம்மாநாட்டில் எழுந்த சூடான விவாதங்களுள் ஒன்று, பியானோவை அரபு இசையில் சேர்க்கலாமா என்பது. முன்னேற்றத்தின் சின்னமாக அதை வரவேற்றோர் ஒருபுறம். அரபு மகாம்களுக்கே உரிய நுண்சுரங்களை அது அழித்துவிடும் என அஞ்சியோர் மறுபுறம். நுண்சுர விசைகளோடு கூடிய தனிப் பியானோக்களும் அங்கு ஆராயப்பட்டன. ஈரானில் முர்தசா மஹ்ஜூபி (1900–1965) வேறு வழி கண்டார். பியானோவின் நரம்புகளையே பாரசீக இசைக்கேற்பச் சுருதி மாற்றி வாசித்தார். கருவிக்கு இசை அடங்கவில்லை. இசைக்குக் கருவி அடங்கிற்று.

நம் நாட்டில் இவ்விவாதம் ஆர்மோனியத்தின் பேரில் நடந்தது. அதுவும் அசையாச் சுரங்களைக் கொண்ட விசைக்கருவியே. எட்டயபுரத்துப் பாரதியார் ‘சங்கீத விஷயம்’ என்னும் கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடினார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. அத்தடை 1971 வாக்கில்தான் ஓரளவு தளர்ந்தது. ஆனால் ஆர்மோனியமோ மேடை நாடகம், கவாலி, கஜல் என மக்களிசையில் செழித்தே வந்தது. தமிழ் இஸ்லாமியப் பாடல் கச்சேரிகளிலும் அதற்கு நீங்கா இடமுண்டு. தடைகளால் கருவிகள் மறைவதில்லை. எந்தப் பணிக்குப் பொருந்துமோ அந்தப் பணியில் அவை நிலைகொள்கின்றன. அண்மைக் காலத்தில் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணோடு இணைந்து கருநாடகப் பாடல்களை அரங்கேற்றி வருவதும் இவ்வகையினதே. கமகத்தைக் குரலிடம் விட்டு, பியானோ பின்புலமாக நின்று துணை செய்கிறது.

எழுத்தில் அமைந்த இசை

பியானோ வந்த வழியிலேயே மற்றொன்றும் வந்தது. அது மேலைநாட்டுச் சுரலிபி. ஐந்து கோடுகளின்மீது புள்ளிகளாக இசையை எழுதும் முறை. கருவியைக் காட்டிலும் இதன் விளைவே கரிசல் மண்ணில் ஆழமாகப் பதிந்தது.

சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் கத்தோலிக்கக் கிறித்தவர். மேலை இசையும் கருநாடக இசையும் கற்றவர். நம் கீர்த்தனைகள் வாய்மொழியிலேயே உலவிச் சிதைந்துவருவதைக் கண்டு வருந்திய அவர், 1893 முதல் அவற்றை மேலைச் சுரலிபியில் பதிப்பித்து வெளியிடலானார். முத்துசாமி தீட்சிதரின் பாடல்களுக்குத் தூய பாடம் தேடியபோது அவர் நாடியது எட்டயபுரத்தை. அங்கே பாலுசாமி தீட்சிதரின் பேரரும் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) அரண்மனை வித்துவானாக விளங்கினார். குடும்பச் செல்வமாகப் போற்றிய சுவடிகளைப் பிறருக்குத் திறந்துவிட அக்காலத்து வித்துவான்கள் எளிதில் இசைவதில்லை. முதலியாரின் வேண்டுகோளும் எட்டயபுரம் அரசரின் ஆணையும் சேர்ந்து அக்கதவைத் திறந்தன. 1904இல் எட்டயபுரம் வித்யாவிலாசினி அச்சகத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கில் வெளிவந்தது. வேங்கடமகியின் மரபையொட்டி 72 மேளங்களையும், முத்துசாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிருதிகளையும், பிறர் பாடல்களையும் அடக்கிய பெருந்தொகுப்பு அது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி அதைத் தமிழில் பல பகுதிகளாக வெளியிட்டது.

இந்நூலின் தனிச்சிறப்பு அதன் குறியீட்டு முறை. ஐந்து கோட்டு முறையை அப்படியே ஏற்காமல், ச-ரி-க-ம எழுத்துகளையே வைத்துக்கொண்டு, கமக வகைகளுக்குத் தனித்தனிக் குறிகளை அமைத்தார் சுப்பராம தீட்சிதர். எந்தச் சுரம் அசைகிறது, எது வழுக்குகிறது என்பதையெல்லாம் கண்ணால் படித்தறியலாயிற்று. எழுதிவைக்க வேண்டும் என்ற தூண்டுதல் வெளியிலிருந்து வந்தது. எழுதிய முறை உள்ளிருந்து பிறந்தது. வயலினுக்கு நேர்ந்த அதே கதை இது. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா பாடியதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

இசையை எழுத்தில் வடிக்கும் முயற்சி முஸ்லிம் உலகிற்கும் புதிதன்று. பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 693இல் (கி.பி. 1294) மறைந்த சஃபியுத்தீன் அல்-உர்மவி தம் ‘கிதாபுல் அத்வார்’ நூலில் ஒரு தாயியை 17 இடைவெளிகளாக வகுத்து, அரபு எழுத்துகளையும் எண்களையும் கொண்டு சில மெட்டுகளைப் பதிந்துவைத்தார். எழுத்து சுரத்தையும், எண் அதன் கால அளவையும் குறிக்கும். அம்மரபு பரவலாகத் தொடரவில்லை. அதனால் அந்நாளைய இசையில் பெரும்பகுதி ஒலியின்றி மறைந்தது.

நமக்குரிய பாடம்

இனி நம் வீட்டைப் பார்ப்போம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. ஏடுகளில் கிடந்த அக்காப்பியத்தைத் தேடித் தொகுத்து 1842இல் அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நெய்னா லெப்பை ஆலிம். சுப்பராம தீட்சிதரின் நூல் வெளிவருவதற்கு 62 ஆண்டுகள் முன்னரே நம் முன்னோர் அச்சின் ஆற்றலை உணர்ந்திருந்தனர் என்பது பெருமைக்குரியது. ஆனால் காக்கப்பட்டது சொல் மட்டுமே. சீறாவின் விருத்தங்களைத் தெற்கத்தி ஊர்களில் இராகத்தோடு ஓதிப் பொருள் சொன்ன மரபு இருந்தது. எந்த விருத்தத்தை எந்த இராகத்தில் எவ்வாறு இழுத்து ஓதினர் என்பதற்கு எழுத்துச் சான்று அரிது.

சீறாக் கீர்த்தனம் முதலிய நூல்களின் நிலையும் இதுவே. நம் இஸ்லாமியக் கீர்த்தனை நூல்கள் பலவற்றில் ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகம், தாளம் குறிக்கப்பட்டிருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுப்பும் இருக்கும். சுரக்குறிப்பு இராது. இராகத்தின் பெயரைக் கொண்டு மெட்டை மீட்க இயலாது. ஒரே இராகத்தில் நூறு மெட்டுகள் அமையலாமன்றோ? முனாஜாத்து, கிஸ்ஸா, படைப்போர், தாலாட்டு என நாம் பெருமையோடு எண்ணும் வகைகள் பலவும் இன்று படிப்பதற்குரியவையாக எஞ்சியுள்ளன. கேட்பதற்குரியவையாக எஞ்சியவை மிகச் சில. அவற்றின் மெட்டுகள் முதியோர் நினைவிலும், மூதாட்டியர் தாலாட்டிலும், தர்கா விழாக்களில் பாடுவோர் சிலரிடத்திலும் தங்கியுள்ளன. ஒரு முதியவர் மறையுந்தோறும் சில மெட்டுகளும் அவரோடு அடக்கமாகின்றன.

எட்டயபுரத்தில் நிகழ்ந்த அருஞ்செயலில் மூவர் பங்கு உண்டு: ஆவணப்படுத்த வேண்டும் என்று கருதிய ஆர்வலர், உள்ளத்திலும் சுவடியிலும் மரபைத் தாங்கிய வித்துவான், அதற்குப் பொருள் தந்த புரவலர். ஒருவர் கிறித்தவர், ஏனையோர் இந்துக்கள். அவ்வூர் அரண்மனையே அதற்கு முன் முஸ்லிம் புலவர் ஒருவரைப் போற்றியிருந்தது. இந்த மூவகையினரும் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. ஊர்தோறும் பாடல் அறிந்த முதியோரை நாடிப் பதிவு செய்தல், பாடலின் பாடத்தை அச்சுநூலோடு ஒப்பிடுதல், இசைகற்றார் துணையுடன் சுரப்படுத்துதல் ஆகிய மூன்றும் நடந்தால் போதும். கருவியின்றிக் குரலால் மட்டும் பாடப்பட்டவை இவற்றுள் மிகப் பல. ஆதலின் கருவியிசை பற்றிய கருத்து வேறுபாடு இப்பணிக்குத் தடையாக வேண்டியதில்லை. கல்லூரித் தமிழ்த்துறைகளும் நம் அறக்கட்டளைகளும் ஆய்வு மாணவர்க்கு இதைப் பொருளாகத் தந்தால், பத்தாண்டுக்குள் பயன் காணலாம்.

கடன் பெறுவது இழிவன்று. பெற்றதை நம் தேவைக்கேற்ப மாற்றத் தெரியாமலிருப்பதே குறை. வயலினைத் தரையில் அமர்ந்து வாசித்தோரும், சுரலிபியைத் தம் எழுத்தில் அமைத்தோரும் இதை அறிந்திருந்தனர். அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்கி, பாலைநிலத்து மக்காவில் மருதநிலத்து வளத்தைக் கண்ட உமறுப்புலவரும் இதை அறிந்திருந்தார். அவர் சொல்லைக் காத்தாயிற்று. அச்சொல் எவ்வாறு ஒலித்தது என்பதை இன்னும் அறிந்திருப்போர் நம்மிடையே வாழும்போதே அதனையும் பதிந்துவைப்பது இத்தலைமுறையின் கடமை.